தரவுக் குழாய்வழிப் பணித்திட்டமிடிகளின் வரலாறு

பணித்திட்டமிடி என்பது கணினியில் நடைபெற வேண்டிய வேலைகளைக் குறித்த நேரத்திலும் உரிய வரிசையிலும் தானாகத் தொடங்கி வைத்து, அவை முடிந்தனவா என்று கண்காணிக்கும் மென்பொருள் ஆகும். துறையினர் இதனைச் செட்யூலர் என்றே அழைக்கின்றனர். ஓரிடத்திலிருந்து தரவை எடுத்து, சரிபார்த்து, வேண்டிய வடிவுக்கு மாற்றி, வேறோர் இடத்தில் சேர்க்கும் தொடர்வேலைகளுக்குத் தரவுக் குழாய்வழி அல்லது டேட்டா பைப்லைன் என்று பெயர். இத்தகைய குழாய்வழிகளை இயக்கும் பணித்திட்டமிடியை ஒரு நிறுவனம் தானே நிறுவிப் பராமரிக்காமல், கூகுள், அமேசான் போன்ற மேகக் கணிமை நிறுவனங்களிடமிருந்து கட்டணச் சேவையாகப் பெறும் முறை 2018ஆம் ஆண்டுக்குப் பின் பரவலாயிற்று.

இத்துறையின் வரலாற்றை மூன்று கேள்விகளின் வரலாறாகக் காணலாம். வேலை எப்போது தொடங்க வேண்டும்? எந்த வேலைக்குப் பின் தொடங்க வேண்டும்? வேலைகளைத் தொடங்கி வைக்கும் கருவியை யார் பராமரிப்பது? இம்மூன்றுக்கும் கடந்த எழுபது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விடைகள் கிடைத்தன. கிடைத்த விளைவு சரியானதா என்னும் நான்காவது கேள்வி மட்டும் இன்றும் நிரலை எழுதுபவரிடமே இருக்கிறது.

தரவுக் குழாய்வழி: ஓர் எடுத்துக்காட்டு

இருபது கிளைகள் கொண்ட ஒரு புத்தகக் கடையை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் கடை மூடிய பிறகு எல்லாக் கிளைகளின் விற்பனைப் பதிவுகளும் தலைமையகத்துக்கு வந்து சேர வேண்டும். பிழையான பதிவுகளை நீக்க வேண்டும். பிறகு நூல்வாரியாகக் கூட்ட வேண்டும். இருப்புக் குறைந்த நூல்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். இறுதியில் அப்பட்டியல் காலை அலுவலகம் திறப்பதற்குள் கொள்முதல் பிரிவுக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும்.

இந்த ஐந்து வேலைகளும் சேர்ந்ததே ஒரு தரவுக் குழாய்வழி. இவற்றுள் எதுவும் கடினமான வேலை அன்று. ஆனால் ஒன்று தவறினால் அடுத்தது பொருளற்றதாகிவிடும். பதினெட்டுக் கிளைகளின் கணக்கு மட்டும் வந்த நிலையில் கூட்டல் தொடங்கிவிட்டால், விடை வரும். ஆனால் அது தவறான விடையாக இருக்கும். கணினி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. பணித்திட்டமிடிகளின் வளர்ச்சி முழுவதும் இந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்தது.

தொகுதிமுறைக் காலம்

1950களின் தொடக்கத்தில் கணினியின் பணித்திட்டமிடி மனிதரே. நிரலாளர்கள் துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுப்பர். இயக்குநர் ஒருவர் ஒரு வேலை முடிந்ததும் அடுத்த அட்டைக்கட்டைக் கணினியில் ஏற்றுவார். வேலை நடக்கும் நேரத்தைவிட ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே வீணான நேரம் சிலபோது மிகுதியாக இருந்தது. கணினியோ பெரும் வாடகைக்கு எடுக்கப்பட்ட பொருள். ஆகவே இடைவெளியைக் குறைப்பது பணத்தைச் சேமிப்பதாயிற்று.

1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் ஐ.பி.எம். 704 கணினிக்காக ஒரு மென்பொருளை உருவாக்கின. ஒரு நிரல் முடிந்தவுடன் அடுத்த நிரலைத் தானாகத் தொடங்குவதே அதன் முக்கியப் பணி. முதல் இயக்குதளங்களுள் ஒன்றாகக் கருதப்படும் இது, பணித்திட்டமிடிகளுக்கும் முன்னோடி எனலாம்.

1964இல் ஐ.பி.எம். தன் சிஸ்டம் 360 கணினி வரிசையை அறிவித்தது. அதன் இயக்குதளத்துடன் ஜே.சி.எல். எனப்படும் வேலைக் கட்டுப்பாட்டு மொழி வந்தது. ஒரு வேலையைப் பல படிகளாகப் பிரித்து எழுதவும், ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரவும் இதில் வழி இருந்தது. வழக்கப்படி 0 என்றால் வெற்றி, 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை. முந்தைய படியின் எண்ணைப் பார்த்து அடுத்த படியை நடத்துவதா, விடுவதா என்று முடிவு செய்யலாம். வேலை முடிந்ததா என்று மட்டும் பாராமல், எப்படி முடிந்தது என்றும் பார்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது.

ஆனால் அம்மொழி எளிதாக இல்லை. நிபந்தனை உண்மையானால் படி நடைபெறாது, பொய்யானால் நடைபெறும் என்று தலைகீழாக அமைந்த விதி பலரைத் தடுமாறச் செய்தது. அத்திட்டத்தின் தலைவராக இருந்த ஃபிரெட் புரூக்ஸே பிற்காலத்தில் இம்மொழியின் வடிவமைப்பைக் கடுமையாகக் குறை கூறினார். இருப்பினும் வங்கிகளின் பெருங்கணினிகளில் ஜே.சி.எல். இன்றும் புழக்கத்தில் உள்ளது.

கிரான்: எப்போது என்ற கேள்வி

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யுனிக்ஸ் இயக்குதளம் முதல் கேள்விக்கு மிக எளிய விடையைத் தந்தது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த கிரான் என்னும் சிறு நிரல், ஒவ்வொரு நிமிடமும் விழித்தெழும். ஓர் அட்டவணைக் கோப்பைப் படிக்கும். அந்த நிமிடத்துக்கு உரிய வேலை இருந்தால் தொடங்கும். பிறகு மீண்டும் உறங்கும். காலம் என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஐந்து நேரக் குறிப்புகள் இருக்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அவற்றை அடுத்து செய்ய வேண்டிய கட்டளை இருக்கும். எடுத்துக்காட்டாக, 0 6 * * * என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கு என்று பொருள். உடுக்குறி எந்த மதிப்பும் பொருந்தும் என்பதைக் குறிக்கும். பால் விக்சி 1987இல் எழுதிய கிரான் பதிப்பு பல இயக்குதளங்களுக்குப் பரவியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்தும் இந்த ஐந்து குறிப்பு முறை மாறவில்லை. இன்றைய மேகச் சேவைகளும் அதையே பயன்படுத்துகின்றன.

கிரானின் எளிமையே அதன் குறையும் ஆகும். அது பள்ளிக்கூட மணியைப் போன்றது. முந்தைய ஆசிரியர் பாடத்தை முடித்தாரா என்று மணிக்குத் தெரியாது. நேரம் வந்தால் அடிக்கும். மேற்கண்ட புத்தகக் கடையில் இரவு 1 மணிக்குப் பதிவுகளைத் திரட்டுவது, 2 மணிக்குக் கூட்டுவது, 3 மணிக்கு அறிக்கை அனுப்புவது என்று கிரானில் எழுதிவைத்ததாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் திரட்டல் முடியும் வரை எல்லாம் நலமாக நடக்கும். விற்பனை கூடி, ஒருநாள் திரட்டல் 2.40 மணி வரை நீண்டால், கூட்டல் அரைகுறைப் பதிவுகளோடு 2 மணிக்கே தொடங்கிவிடும். அறிக்கையும் 3 மணிக்குத் தவறாமல் போய்ச் சேரும். இடைவெளியை இரண்டு மணி நேரமாக்குவது அந்த நாளைத் தள்ளிப்போடுமே தவிர, சிக்கலைத் தீர்க்காது.

மேக்: எதற்குப் பின் என்ற கேள்வி

இரண்டாவது கேள்விக்கான விடையும் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்னும் கருவியை எழுதினார். அவருடைய சக ஆய்வாளர் ஒருவர் தம் நிரலில் இருந்த பிழையைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டதால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் இழந்தார். இந்நிகழ்வே மேக் உருவாகத் தூண்டுகோல் ஆனது. எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று எழுதிவைத்தால், எது பழையதாகிவிட்டது, எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை மேக் தானே கண்டறியும். இக்கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது 2003இல் வழங்கப்பட்டது.

மேக்கின் அடிப்படை, சமையலறையில் எல்லோரும் அறிந்ததே. அரிசியும் உளுந்தும் ஊறிய பிறகே அரைக்க முடியும். மாவு புளித்த பிறகே இட்லி ஊற்ற முடியும். ஆனால் சட்னிக்குத் தேங்காய் துருவ மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. எவை காத்திருக்க வேண்டும், எவை ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதைப் புள்ளிகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்தால் கிடைக்கும் படம் சுழற்சியற்ற திசைக்கோட்டுரு எனப்படும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டாக் என்பர். சுழற்சியற்ற என்பது முக்கியம். முதல் வேலை இரண்டாவதற்கும், இரண்டாவது முதல் வேலைக்கும் காத்திருந்தால் எதுவும் தொடங்காது.

இக்கணக்கு கணினிக்கு முன்பே பெருந்திட்ட மேலாண்மையில் தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்னும் வலைப்பின்னல் முறையை உருவாக்கியது. அத்தகைய பெரிய வலைப்பின்னல்களை வரிசைப்படுத்தும் வழியை ஆர்தர் கான் 1962இல் வெளியிட்டார். எந்த வேலைக்கும் காத்திராத வேலைகளை முதலில் எடு, அவற்றை நீக்கு, இப்போது காத்திருப்பு இல்லாதவற்றை எடு, இப்படியே தொடர். இறுதியில் எதையும் எடுக்க முடியாமல் சில வேலைகள் எஞ்சினால், படத்தில் சுழற்சி இருக்கிறது என்று பொருள். இன்று கணினி அறிவியல் மாணவர்கள் இதைக் கானின் படிமுறை என்று படிக்கின்றனர்.

இவ்வாறு கிரானுக்கு நேரம் தெரியும், சார்பு தெரியாது. மேக்குக்குச் சார்பு தெரியும், நேரம் தெரியாது. இரண்டையும் இணைக்கும் கருவிகள் வங்கி, காப்பீடு போன்ற துறைகளின் பெருங்கணினிகளுக்கு வணிக மென்பொருள்களாக வந்தன. பொதுவான நிரலாளர் கையில் அவை வர நீண்ட காலம் ஆயிற்று.

பெருந்தரவுக் காலம்: யானையும் பாகனும்

2004இல் கூகுளின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் மேப்ரெட்யூஸ் என்னும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். மிகப் பெரிய தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செயற்படுத்தும் முறை அது. அதன் வழியில் டக் கட்டிங்கும் உடனிருந்தோரும் ஹடூப் என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் நிறப் பொம்மை யானையின் பெயரே ஹடூப்.

ஹடூப்பில் ஒரு பயனுள்ள விடை பெறப் பல வேலைகளைத் தொடர்ச்சியாக நடத்த வேண்டியிருந்தது. யாஹூ நிறுவனம் இதற்காக ஊஸி என்னும் பணித்திட்டமிடியை உருவாக்கியது. யானைப்பாகனைக் குறிக்கும் பர்மியச் சொல் அது. ஹடூப் என்ற யானையை ஓட்டும் பாகன் என்பது பொருள். லிங்க்டுஇன் நிறுவனத்தில் அஸ்கபான் உருவானது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2012இல் லூயிஜியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. குழாய்வழி என்பதற்கு ஏற்ப, புகழ்பெற்ற கணினி விளையாட்டில் வரும் குழாய்ப் பணியாளரான மாரியோவின் தம்பி பெயர் இதற்கு இடப்பட்டது.

இவற்றுள் ஊஸியில் வேலைகளின் வரிசையை எக்ஸ்.எம்.எல். கோப்பாக நீளமாக எழுத வேண்டும். லூயிஜியில் அதைப் பைத்தான் நிரலாகவே எழுதலாம். வேலைகளின் அட்டவணையும் ஒரு நிரலே என்னும் இந்தக் கருத்து அடுத்த கட்டத்துக்கு வழிவகுத்தது.

ஏர்ஃப்ளோவின் தோற்றம்

2014 அக்டோபரில் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷ்மென் என்பவர் ஏர்ஃப்ளோவை எழுதத் தொடங்கினார். இதற்கு முன் அவர் பேஸ்புக்கில் பணியாற்றியபோது அங்கு உள்பயன்பாட்டில் இருந்த இத்தகைய கருவியை அறிந்திருந்தார். 2015 ஜூனில் ஏர்ஃப்ளோ பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் வளர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தது. 2019 ஜனவரியில் முதல்நிலைத் திட்டமாக அறிவிக்கப்பட்டது.

ஏர்ஃப்ளோவில் ஒரு குழாய்வழி என்பது ஒரு பைத்தான் கோப்பு. அதில் வேலைகளின் பட்டியல், அவற்றின் சார்புகள், தொடங்கும் நேரம், தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்பன இருக்கும். நேரக் குறிப்பு கிரானுடையது, சார்பு மேக்குடையது. இரண்டும் ஒரே கோப்பில் இணைந்தன. நடந்தவை அனைத்தும் ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும். இணையப் பக்கத்தில் வெற்றி பெற்ற வேலைகள் பச்சைக் கட்டங்களாகவும், தோற்றவை சிவப்புக் கட்டங்களாகவும் தெரியும். நேற்றிரவு என்ன நடந்தது என்பதை நிரல் எழுதாதவரும் பார்த்து அறிய முடிந்தது. இது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், இதன் பரவலுக்கு முக்கியக் காரணமாயிற்று.

ஆயினும் ஏர்ஃப்ளோவை நடத்துவது தனி வேலையாக இருந்தது. திட்டமிடும் பகுதி, வேலைகளைச் செய்யும் கணினிகள், இணையப் பக்கம், தரவுத்தளம், இடையே செய்தி கடத்தும் வரிசை என்று பல உறுப்புகள் ஒன்றாக இயங்க வேண்டும். தொடக்கப் பதிப்புகளில் திட்டமிடும் பகுதி ஒன்றே ஒன்றுதான். அது நின்றால் எல்லாக் குழாய்வழிகளும் நின்றுவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட திட்டமிடிகளை ஒரே நேரத்தில் இயக்கும் வசதி 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான் கிடைத்தது.

திட்டமிடி பழுதானால்: 2012ஆம் ஆண்டுப் பாடம்

பணித்திட்டமிடியைப் பராமரிப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதை ஏர்ஃப்ளோ பிறப்பதற்கு முன்பே பிரித்தானியா கண்டது. 2012 ஜூனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம், வாடிக்கையாளர் கணக்குகளை இரவில் புதுப்பிக்கும் வேலைகளை நடத்திய பணித்திட்டமிடியைப் புதிய பதிப்புக்கு மாற்றியது. மாற்றத்தில் கோளாறுகள் தெரிந்தன. அதனால் பழைய பதிப்புக்கே திரும்ப முடிவு செய்யப்பட்டது. திரும்பினால் என்ன ஆகும் என்பது முதலில் சோதிக்கப்படவில்லை. பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் இரவு வேலைகள் தேங்கின.

குழுமத்தின் முக்கிய வங்கிகளில் ஜூன் 26 வரையிலும், அதைச் சேர்ந்த அல்ஸ்டர் வங்கியில் ஜூலை 10 வரையிலும் தடை நீடித்தது. ஐக்கிய இராச்சியத்தில் மட்டும் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் சிலரும், வெளிநாட்டில் கையில் பணமின்றிச் சிலரும் தவித்தனர். சில நிறுவனங்களால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலவில்லை. 2014 நவம்பரில் பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் முறையே 4.2 கோடி பவுண்டும் 1.4 கோடி பவுண்டும் அபராதம் விதித்தன.

இங்குப் பணம் திருடுபோகவில்லை. எந்தக் கணினியும் எரிந்துபோகவில்லை. வேலைகளை வரிசையாகத் தொடங்கி வைக்கும் மென்பொருள் தடுமாறியதே காரணம். எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும் பணித்திட்டமிடி, ஒரு நாட்டின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

நிர்வகிக்கப்பட்ட சேவைகள்: யார் பராமரிப்பது என்ற கேள்வி

அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் இணையவழி வாடகைக்கு விடத் தொடங்கியது. கணினியை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், அதில் ஓடும் பணித்திட்டமிடியையும் ஏன் வாடகைக்கு எடுக்கக் கூடாது என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 2012 இறுதியில் அமேசான் தனக்கே உரிய ஒரு தரவுக் குழாய்வழிச் சேவையை அறிவித்தது. ஆனால் அச்சேவைக்காக எழுதியதை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

திறந்த மூல ஏர்ஃப்ளோ பரவியதும் வேறு வழி பிறந்தது. கூகுள் 2018 மே மாதத்தில் கிளவுட் கம்போசர் என்னும் சேவையைச் சோதனை நிலையில் வெளியிட்டு, அதே ஆண்டு ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கம்போசர் என்றால் இசையமைப்பாளர். பல கருவிகள் ஒத்திசைந்து இயங்கச் செய்வதை இத்துறையினர் ஆர்கெஸ்ட்ரேஷன் என்று கூறும் வழக்கத்தை ஒட்டிய பெயர் இது. அமேசான் 2020 நவம்பரில் தன் நிர்வகிக்கப்பட்ட ஏர்ஃப்ளோ சேவையைத் தொடங்கியது. இரண்டிலும் உள்ளே இயங்குவது ஏர்ஃப்ளோவே. ஆகவே ஓரிடத்தில் எழுதிய பைத்தான் கோப்பைச் சிறு மாற்றங்களோடு மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியும். இங்குத் தரவுத்தளத்தை அமைத்தல், திட்டமிடியை உயிரோடு வைத்திருத்தல், வேலை மிகும்போது கணினிகளைக் கூட்டுதல், பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்தல் ஆகியன சேவை நிறுவனத்தின் பொறுப்பு.

பணிக்கு ஏற்றும் முறை

எழுதிய குழாய்வழியை உண்மைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதைத் துறையினர் டிப்ளாய் செய்தல் என்பர். கிரான் காலத்தில் வழங்கியில் நேரடியாக நுழைந்து அட்டவணைக் கோப்பைத் திருத்துவதே வழக்கம். யார், எப்போது, எதற்காகத் திருத்தினார் என்பதற்குப் பதிவு இராது. மேகச் சேவைகளில் நடைமுறை வேறு.

முதலில் குழாய்வழிக் கோப்பு, கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் களஞ்சியத்தில் சேர்க்கப்படும். மற்றொரு நிரலாளர் அதைப் படித்துப் பார்ப்பார். பிறகு தானியங்கிச் சோதனைகள் நடக்கும். கோப்பு பிழையின்றித் திறக்கிறதா, சார்புகளில் சுழற்சி உள்ளதா என்பவை மிக அடிப்படையான சோதனைகள். அவற்றில் தேறிய கோப்பு, மேகச் சேமிப்பிடத்தில் அதற்கென உள்ள கோப்புறைக்கு நகலெடுக்கப்படும். ஏற்றுதல் என்பது இந்த நகலெடுப்பே. சேவை அக்கோப்புறையை ஒத்திசைத்துக் கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் புதிய குழாய்வழி இணையப் பக்கத்தில் தோன்றும்.

இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே சில எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. திட்டமிடி இக்கோப்புகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும். எனவே நேரம் பிடிக்கும் கணக்கையோ தரவுத்தளக் கேள்வியையோ கோப்பின் மேல்மட்டத்தில் எழுதினால், வேலை நடக்காத நேரத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கடவுச்சொற்களைக் கோப்பில் எழுதக் கூடாது; அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பிடம் உண்டு. கோப்பை நீக்கினாலும் அதன் பழைய ஓட்டங்களின் பதிவு தரவுத்தளத்தில் எஞ்சியிருக்கும். சோதனைக்கு ஒரு சூழலும் உண்மைப் பயன்பாட்டுக்கு மற்றொரு சூழலும் தனித்தனியே வைத்திருப்பது நல்ல வழக்கம். ஒரு சூழல் சும்மா இருந்தாலும் அதற்குக் கட்டணம் ஏறும் என்பதால், சிறு நிறுவனங்கள் இதைக் கணக்குப் பார்த்தே முடிவு செய்கின்றன.

தேதியும் நேரமும்

புதிதாகக் கற்போர் மிகுதியாகத் தடுமாறுவது தேதியில். ஜூன் 1ஆம் நாளின் விற்பனையை அந்த நாள் முடிந்த பிறகே கூட்ட முடியும். எனவே அந்த ஓட்டம் ஜூன் 2 தொடங்கியதும்தான் நடக்கும். ஆனால் ஏர்ஃப்ளோ அதற்கு ஜூன் 1 என்றே பெயரிட்டது. கடை மூடிய பின் எழுதினாலும் நாட்கணக்கில் அன்றைய தேதியை இடுவது போன்றது இது. முன்பு இத்தேதி செயற்படும் தேதி என்னும் பொருள்பட அழைக்கப்பட்டதால் குழப்பம் கூடியது. 2021இல் வந்த 2.2 பதிப்பில் இப்பெயர் மாற்றப்பட்டு, தரவு இடைவெளியின் தொடக்கமும் முடிவும் தனியே குறிக்கப்பட்டன.

அடுத்தது நேர வலயம். ஏர்ஃப்ளோ உள்ளுக்குள் யு.டி.சி. எனப்படும் பன்னாட்டுப் பொது நேரத்தைப் பயன்படுத்துகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் உள்ளது. நேர வலயத்தைக் குறிப்பிடாமல் நள்ளிரவு என்று எழுதினால், வேலை இந்தியாவில் காலை 5.30க்குத் தொடங்கும். இது தாமதம் மட்டும் அன்று. ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு இந்தியாவில் நடந்த ஓர் இணைய விற்பனை, பொது நேரப்படி மார்ச் 31 இரவு 8.30க்கு உரியது. அதை அப்படியே கூட்டினால் அவ்விற்பனை முந்தைய நிதியாண்டில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, விட்டுப்போன நாட்களை நிரப்புதல். தொடக்க நாள் ஜனவரி 1 என்று எழுதிய குழாய்வழியை ஏப்ரல் 10 அன்று ஏற்றினால், இடைப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஓட்டமாக, லீப் அல்லாத ஆண்டில் 99 ஓட்டங்களை ஏர்ஃப்ளோ தொடங்கும். பழைய கணக்கை நிரப்ப இது வரம். நாளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பும் குழாய்வழியாக இருந்தால் 99 மின்னஞ்சல்கள் போய்ச் சேரும். நீண்ட காலம் இதுவே இயல்பு நிலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் வெளிவந்த 3.0 பதிப்பில்தான், கேட்டால் மட்டுமே நிரப்பும்படி இயல்பு நிலை மாற்றப்பட்டது.

மீளச் செய்தாலும் மாறாமை

வலைப்பின்னல் அறுந்தாலோ கணினி நின்றாலோ திட்டமிடி வேலையை மறுபடி தொடங்கும். முதல் முயற்சி எதுவரை போயிற்று என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு வேலையை எத்தனை முறை செய்தாலும் ஒரே விளைவு வரும்படி எழுத வேண்டும் என்பது இத்துறையின் முதன்மையான ஒழுக்கமாயிற்று.

வகுப்பறை வருகைப் பதிவேடு இதற்கு நல்ல விளக்கம். இன்று வந்தோர் 38 பேர். அதை இன்றைய கட்டத்தில் 38 என்று எழுதினால், மறந்துபோய் இரண்டாம் முறை எழுதினாலும் 38தான். மாறாக, மாதக் கூட்டுத்தொகையுடன் 38ஐக் கூட்டுவது வழக்கமாக இருந்தால், இரண்டாம் முறை கூட்டும்போது இல்லாத 38 மாணவர்கள் வந்துவிடுவர். இரண்டு முறைகளிலும் வேலை வெற்றி என்றே முடியும். திரையில் பச்சைக் கட்டமே தெரியும். தரவுக் குழாய்வழியில் நாளுக்குரிய பகுதியை முழுமையாக அழித்து எழுதுவது முதல் முறை; இருப்பதோடு சேர்த்துக்கொண்டே போவது இரண்டாவது முறை.

மதிப்பீடு

ஏர்ஃப்ளோவுக்குப் பிறகு டாக்ஸ்டர், பிரிஃபெக்ட் போன்ற கருவிகள் வந்துள்ளன. வேலையை மையமாகக் கொள்ளாமல், அவ்வேலையால் உருவாகும் தரவை மையமாகக் கொள்ள வேண்டும் என்ற போக்கு வலுத்து வருகிறது. வேலை முடிந்ததா என்பதைவிட, தரவு முழுமையாக உள்ளதா என்று கேட்பது அது. இருபது கிளைகளில் பதினெட்டே வந்தன என்பதைக் கூட்டலுக்கு முன்பே கண்டு நிறுத்தும் சோதனைகளைக் குழாய்வழியின் ஒரு வேலையாகவே எழுதுவது இப்போது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

அட்டைக்கட்டை ஏற்றிய இயக்குநரின் வேலை 1956இல் மென்பொருளுக்குச் சென்றது. அம்மென்பொருளைக் காவல் காத்தவரின் வேலை 2018க்குப் பின் மேகச் சேவை நிறுவனங்களுக்குச் செல்லத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மனிதரின் தூக்கம் சிறிது மிச்சமானது. ஆனால் அட்டைக்கட்டை ஏற்றிய இயக்குநர், வெளிவந்த தாளில் எண்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கண்டு சொல்லக்கூடியவராக இருந்தார். அந்தக் கண்ணைச் சேவை நிறுவனம் வாடகைக்குத் தருவதில்லை. ஒரு வேலை எதைச் சரி என்று கொள்ள வேண்டும் என்பதை அந்தக் கணக்கை அறிந்தவரே சோதனையாக எழுதிவைக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படாத குழாய்வழியில் பச்சைக் கட்டம், வேலை நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று. கணக்குச் சரி என்பதற்குச் சான்று ஆகாது.